வன்னி அடுப்படிக்கு டொலர் வரும் வழி

சமையல் சனல் தொடங்க நினைக்கிற எவரும் முதலில் கேட்பது, "ஒரு லட்சம் வியூஸ் போனால் எவ்வளவு காசு வரும்?" என்பதைத்தான். அந்த ஒரு லட்சம் பேரும் எந்த நாட்டில் இருந்து பார்த்தார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வன்னிக்குள் இருந்து காணொளி போடுகிறவர்களுக்கு இது மற்ற எல்லோரையும் விட முக்கியமான விடயம். பார்வைகளை எண்ணிக்கொண்டிருந்தால் உழைப்பு எங்கே போகிறது என்று விளங்காது. பணம் புறப்படும் இடத்திலிருந்து வீட்டு அடுப்படி வரை அது வரும் வழியை ஒருமுறை பார்த்துவிட்டால் நிறைய விடயம் தெளிவாகும்.

யூரியூப் தன் கைக்காசில் யாருக்கும் கொடுப்பதில்லை. விளம்பரம் போடுகிற கம்பனிகள் கூகிளுக்குப் பணம் கட்டுகின்றன. ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு ஏலம் நடக்கிறது. ரொறன்ரோவில் ஒருவர் முருங்கையிலை வறை செய்வதைப் பார்க்கும்போது அவருக்கு முன்னால் வருவது கனடாவில் இருக்கிற வங்கியின், காப்புறுதிக் கம்பனியின், கார்க் கம்பனியின் விளம்பரம். அந்தக் கம்பனிகள் கனடா விலைக்கு ஏலம் கேட்கும். அதே காணொளியை விசுவமடுவிலோ மதுரையிலோ ஒருவர் பார்த்தால் அங்கே விற்கும் சவர்க்காரத்தின், தேயிலையின் விளம்பரம் வரும். அதற்கான விலை மிகக் குறைவு. வழமையான நீளக் காணொளிகளில் ஓடும் விளம்பரத்தால் வரும் வருமானத்தில் 55 சதவீதம் சனலுக்கு, மீதி யூரியூப்புக்கு. ஷோர்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளுக்குக் கணக்கு வேறு. 2023 பெப்ரவரி முதல் அதிலும் பங்கு தருகிறார்கள். எல்லா விளம்பரப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பாட்டு உரிமைக்கானதைக் கழித்து, பார்வைகளின்படி பிரித்து, அதில் 45 சதவீதம் தருவார்கள்.

ஆயிரம் பார்வைக்குச் சனலின் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதை ஆர்பிஎம் என்பார்கள். கணக்குக்காக இரண்டு சனல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஆர்பிஎம் அரை டொலர், மற்றதுக்கு இரண்டு டொலர். இரண்டுக்கும் ஒரு லட்சம் பார்வை. முதலாவதுக்கு 50 டொலர், இரண்டாவதுக்கு 200 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 15,000 ரூபாவும் 60,000 ரூபாவும். மீன் ஒன்று, சட்டி ஒன்று, உழைப்பும் ஒன்று. பார்த்தவர்கள் இருந்த நாடு மட்டும்தான் வேறு.

வன்னிக்கு ஒரு வாய்ப்பு இருப்பது இங்கேதான். போருக்குள்ளும் போருக்குப் பின்னும் இங்கிருந்து போன குடும்பங்கள் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா என்று பரந்திருக்கின்றன. விளம்பர விலை உயர்ந்த நாடுகளும் பெரும்பாலும் இவைதான். தமிழ்நாட்டுப் பார்வையாளர்கள் வந்தால் எண்ணிக்கை ஏறும், சனல் பெரிதாகத் தெரியும். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாத முடிவில் வங்கிக்கு வரும் தொகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லண்டனிலும் ஸ்காபரோவிலும் சூரிச்சிலும் வேலை முடிந்து வந்து போனைத் திறக்கிற ஆட்கள். அவர்கள் எதற்காக வன்னிச் சமையலைப் பார்க்கிறார்கள் என்பதை யோசிக்காமல் போடும் காணொளி, எவ்வளவு ஓடினாலும், பணம் குறைந்த ஓட்டமாகவே இருக்கும்.

பலர் முன்மாதிரியாக எடுப்பது தமிழ்நாட்டின் வில்லேஜ் குக்கிங் சனலை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சனல் அது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் வயலுக்குள் பெரிய கிடாரம் வைத்து, கிலோக் கணக்கில் கோழியும் நண்டும் போட்டுச் சமைக்கத் தொடங்குகிறார்கள். வில்லேஜ் குக்கிங் சனலுக்குக் கோடிக்கணக்கில் பார்வை வரும், அதனால் குறைந்த ஆர்பிஎம்மிலும் செலவு மீளும். முல்லைத்தீவில் ஐந்து கிலோ றால் வாங்கிச் சமைத்துப் போட்ட காணொளிக்கு இருபதாயிரம் பார்வை வந்தால் றால் வாங்கிய காசே திரும்பி வராது. எனக்குத் தெரிந்த சில சனல்கள் இப்படித்தான் நின்றுபோயின. திறமை இல்லாமல் இல்லை. தேர்ந்தெடுத்த வழி இங்கத்தைய கணக்குக்குப் பொருந்தவில்லை.

புலம்பெயர்ந்த வீட்டில் இருப்பவருக்குத் தேவை கிடாரத்துக் கூத்து அல்ல. அம்மாவோ மாமியோ அம்மம்மாவோ செய்தது எப்படி அந்தப் பதத்துக்கு வந்தது என்று அவர் பார்க்க நினைக்கிறார். குரக்கன் புட்டுக்கு எவ்வளவு தண்ணீர், தூள் எந்த நிறத்துக்கு வறுபட்டால் நிறுத்தவேண்டும், ஒடியல் மாவை எத்தனை தண்ணீரில் ஊறவிட்டால் காறல் போகும், குளத்து மீனின் சேற்று மணத்தை எதைப் போட்டு எடுப்பது. இதெல்லாம் எழுதிவைத்த அளவுகளில் இருப்பதில்லை. கையில் இருக்கிறது.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக் குசினியில் குரக்கன் புட்டுக் காணொளி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வறுத்த மா சுளகில். மாமி விரல் நுனியால் உப்புத் தண்ணீரைத் தெளித்து, மறு கையால் மாவைக் கிளறிக்கொண்டே இருந்தார். போன் பிடித்த பெடியன், "மாமி, இன்னொருக்கா தெளிச்சுக் காட்டுங்கோ, கிட்டவா எடுக்கவேணும்" என்றான். "இன்னொருக்கா தெளிச்சா களியாப்போகும் தம்பி. இதில பார், பிடிச்சா நிக்கவேணும், விட்டா உதிரவேணும்" என்று ஒரு பிடி மாவைக் கைக்குள் அமத்தி, விரலை விரித்து உதிர்த்துக் காட்டினார். பிறகு நீத்துப்பெட்டிக்குள் தேங்காய்ப்பூவும் மாவும் மாறிமாறிப் போய், பெட்டி பானைக்கு மேல் ஏறியது. ஆவி வந்து போன் கண்ணாடி புகைத்துவிட்டது. அவன் சாரத்தால் துடைத்துவிட்டுத் தொடர்ந்து எடுத்தான்.

அந்தக் காணொளியின் புள்ளிவிபரத்தைப் பிறகு அவன் காட்டினான். சனல் வைத்திருப்பவர் தன் கணக்குகளைப் பார்க்கும் யூரியூப் ஸ்ரூடியோவில் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள் என்பதைக் கோடாகக் காட்டும் ஒரு படம் இருக்கிறது. பெரும்பாலான காணொளியில் அது தொடக்கத்தில் விழுந்து பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே போகும். இதில் மாவைப் பிடித்து உதிர்த்துக் காட்டிய இடத்தில் கோடு மேலே ஏறியிருந்தது. ஆட்கள் திரும்பத் திரும்பப் பின்னால் இழுத்து அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு காணொளியைப் புதியவர்களுக்குக் காட்டலாமா என்று யூரியூப் முடிவெடுக்கும்போது, ஆட்கள் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள் என்பதும் திருப்தியாகப் பார்த்தார்களா என்பதும் பெரிய இடம் பிடிக்கின்றன. ஆகவே கைப்பக்குவத்தை அவசரப்படாமல் காட்டுவது நல்ல சமையல் பாடம் மட்டுமல்ல, வருமானத்தின் அடித்தளமும் அதுதான்.

சரி, பணம் வரத் தொடங்குவதற்கு முன் தாண்டவேண்டிய வாசல் ஒன்று இருக்கிறது. விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். இல்லாவிட்டால் 90 நாளுக்குள் ஷோர்ட்ஸில் ஒரு கோடி பார்வை வேண்டும். 4,000 மணிநேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வை தேவை. இரண்டு நிமிடத்தில் ஓடிவிட்டால் அது 1,20,000 ஆகும். ஷோர்ட்ஸ் ஓட்டத்தில் வரும் பார்வை இந்த 4,000 மணிநேரத்தில் சேராது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஷோர்ட்ஸால் சந்தாதாரர் வேகமாக ஏறுவதைப் பார்த்து அதையே போட்டுக்கொண்டிருந்து, மணிநேரம் நகராமல் களைத்துப்போனவர்கள் பலர். எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிக்குத்தான் நடுவிலும் விளம்பரம் போட முடியும். அதற்காகத் தேங்காய் திருவுவதை மூன்று நிமிடம் இழுத்துக் காட்டத் தேவையில்லை. கூழ், நண்டுக்கறி போன்றவை தம்மளவிலேயே எட்டு நிமிடத்தைத் தாண்டும்.

இந்தக் கட்டத்தில் அன்பால் நடக்கும் ஒரு கெடுதலைச் சொல்லியாகவேண்டும். சனலுக்கு விளம்பரம் வரத் தொடங்கியதும் வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவும் சித்தியும், "நாங்கள் விளம்பரத்தை அமத்தி அமத்திப் பார்க்கிறம், உங்களுக்குக் காசு வரட்டும்" என்பார்கள். கூகிளின் கணக்கில் அது போலிப் போக்குவரத்து. அந்த வருமானத்தைக் கழித்துவிடுவார்கள், மிஞ்சினால் விளம்பரப் பணத்தைச் சேர்த்துத் தரும் அட்சென்ஸ் என்ற கூகிள் கணக்கையே மூடிவிடுவார்கள். உதவி செய்ய விரும்பும் உறவினர் காணொளியை முழுதாகப் பார்த்தால் போதும். சமைத்துப் பார்த்துவிட்டுக் கருத்தில் எழுதினால் இன்னும் நல்லது.

வருமானம் 10 டொலரைத் தொட்டதும் கூகிள் ஒரு கடிதம் அனுப்பும். அதில் ஒரு இரகசிய இலக்கம் இருக்கும். அதைக் கணக்கில் பதிந்தால்தான் முகவரி உறுதியாகும். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் வரும் என்பார்கள், நான்கு மாதத்துக்குள் பதியவேண்டும். வன்னியில் பலருக்கு வழி அடைபடுவது இந்தக் கடிதத்தில்தான். மீள்குடியேறிய காணிகளில் வீட்டு இலக்கம் ஒழுங்காக இருப்பதில்லை. வீட்டுத்திட்டத்து வீதிக்கு ஊரார் சொல்லும் பெயர் ஒன்று, பதிவில் இருப்பது வேறு. முகவரி எழுதும்போது ஊர்ப் பெயரோடு உப தபால் நிலையத்தின் பெயரையும் தபால் குறியீட்டையும் சேர்க்கவேண்டும். அப்புறம் நேரே போய் உப தபாலதிபரிடமும் தபால்காரரிடமும், "வெளிநாட்டில் இருந்து இப்படியொரு சின்னக் கடிதம் வரும்" என்று சொல்லிவைப்பது நல்லது. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

பணம் 100 டொலர் சேர்ந்த பிறகுதான் வெளியே வரும். ஒரு மாதத்துக் கணக்கு அடுத்த மாதம் 7ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் முடிவாகும். 21க்கும் 26க்கும் இடையில் அனுப்புவார்கள். வங்கிக்கு வர மேலும் சில நாள் ஆகலாம். சிறிய சனலுக்கு மாதம் 30 டொலர்தான் சேர்கிறது என்றால், கைக்குப் பணம் வருவது நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான். வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறந்து டொலராகவே வைத்திருக்கலாம். ரூபாக் கணக்குக்கு எடுப்பதென்றால் அன்றைய மாற்று வீதத்தையும் வங்கி கழிக்கும் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். வங்கிக்கு வங்கி இது மாறும்.

வரி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜூனில் இருந்து, அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வரும் பங்குக்கு மட்டும் அமெரிக்க வரி கழிக்கிறார்கள். டபிள்யூ-8 பென் என்ற படிவத்தை அட்சென்ஸிலேயே நிரப்பவேண்டும். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலும் இருந்து வரும் வருமானத்தில் 24 சதவீதம் வரை கழித்துவிடலாம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வரி ஒப்பந்தம் இருப்பதால், படிவத்தில் அதைச் சரியாகக் குறித்தால் கழிவு குறையும். உள்நாட்டில், 2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரை வரி விலக்கு இருக்கிறது. வெளிநாட்டுக்குச் சேவை செய்து, வெளிநாட்டு நாணயமாக வங்கியூடாகக் கொண்டுவரும் வருமானத்துக்கு உச்ச வீதம் 15 சதவீதம். மாதம் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே உழைக்கிற வீட்டுக்கு இதனால் பாரம் இல்லை. டின் என்ற வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் எடுத்து வைத்திருந்தால் வங்கியில் கேட்கும்போது ஓடித்திரியத் தேவையில்லை.

இனி வருவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது?

வன்னிச் சமையல் சனல்களில் திரையில் தெரிவது பெரும்பாலும் ஒரு அம்மா, ஒரு அம்மம்மா. அடுப்பு அவருடையது, கைப்பக்குவம் அவருடையது, பார்வையாளர் தேடி வருவதும் அவருடைய முகத்தை. ஆனால் ஜிமெயில் பெடியனுடையது. அட்சென்ஸ் அவன் பெயரில், வங்கிக் கணக்கு அவன் பெயரில், இரகசியச் சொல்லும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். சில இடங்களில் அவன் மகனோ மருமகனோ கூட இல்லை. ஊருக்கு வந்து "நாங்கள் எடுத்துப் போடுகிறம் அம்மா" என்று சொன்ன வெளியாள். மாத முடிவில் அம்மாவின் கைக்கு ஒரு தொகை வரும். அது எந்தத் தொகையின் பங்கு என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள் நிறைந்த ஒரு நிலத்தில் இது சிறிய விடயம் அல்ல. தையல் கூலியையும் நெல் வெட்டுக் கூலியையும் எண்ணி வாங்குகிற ஒருவர், தன் சமையலின் கூலியை மட்டும் எண்ணாமல் வாங்க வேண்டியிருக்கிறது.

கெட்ட எண்ணம் இல்லாத வீட்டிலும் இது சிக்கலாகும். பெடியன் திருமணம் முடித்துப் போகிறான், அல்லது வெளிநாடு போகிறான். அவன் போகும்போது சனலும் அவனோடு போய்விடும். ஒரே அட்சென்ஸில் பல சனல்களை இணைக்கலாம் என்பதால், அவன் தன்னுடைய வேறு சனலையும் அதில் சேர்த்திருப்பான். அதில் ஏதாவது போலிப் போக்குவரத்துப் பிரச்சினை வந்து அட்சென்ஸ் மூடப்பட்டால், அம்மாவின் குரக்கன் புட்டுக்கு வந்த காசும் அதோடு நின்றுவிடும்.

இதைச் சரிசெய்யும் வசதி யூரியூப்பிலேயே இருக்கிறது, பெரிய நுட்பம் ஒன்றும் தேவையில்லை. சனல் சமைக்கிறவரின் ஜிமெயிலில் இருக்கட்டும். காணொளி ஏற்றுகிறவருக்கு, வெட்டித் தொகுக்கிறவருக்கு அனுமதிப் பகுதியில் எடிட்டர் என்ற பொறுப்பைக் கொடுக்கலாம். வருமான விபரத்தைப் பார்க்க முடியாத எடிட்டர் பொறுப்பும் உண்டு, பார்க்கக்கூடிய பொறுப்பும் உண்டு. அட்சென்ஸ் சமைக்கிறவரின் பெயரில், அடையாள அட்டையில் உள்ள எழுத்தின்படி இருக்கவேண்டும். அதே பெயரில்தான் வங்கிக் கணக்கும். ஏற்கெனவே வேறு பெயரில் இணைத்திருந்தாலும் மாற்றலாம். ஒருமுறை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு 32 நாள் பொறுக்கவேண்டும், அவ்வளவுதான். பெடியனின் உழைப்புக்கும் மரியாதை வேண்டும். வெட்டித் தொகுப்பதும் இரவிரவாக ஏற்றுவதும் இலேசான வேலை அல்ல. அவனுக்கு இத்தனை பங்கு என்று ஒரு கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பம் வைத்தால் பிறகு மனஸ்தாபம் வராது. உறவுக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். உறவு கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

விளம்பர விலை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. நத்தாருக்கு முந்திய மாதங்களில், ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை, கம்பனிகள் போட்டி போட்டு விளம்பரம் செய்வதால் ஆர்பிஎம் ஏறும். ஜனவரியில் விழும். வன்னியில் அதே ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரைதான் மாரிமழை. விறகு நனைந்திருக்கும், முற்றத்து அடுப்பு எரியாது, வானம் இருண்டு போன் படம் மங்கும், காற்றுக்கு மின்சாரம் நிற்கும், சில ஆண்டுகளில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து ஊரே வெள்ளக் கவலையில் இருக்கும். கூடிய காசு கிடைக்கிற மூன்று மாதத்தில்தான் காணொளி எடுப்பது மிகக் கடினம். ஆவணி, புரட்டாதி வெயிலிலேயே எட்டுப் பத்துக் காணொளியை எடுத்துத் தொகுத்து வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் கிழமைக்கு ஒன்றாகப் போடுகிற சனல்தான் இந்த ஏற்றத்தைக் கையில் பிடிக்கும். காட்டோர ஊர்களில் சிக்னல் குறைவு என்பதால் ஏற்றும் வேலையும் மழையில் இழுபடும். பத்து நிமிடக் காணொளி நல்ல தரத்தில் ஒரு ஜிபி அளவுக்குப் போகலாம். இரவு டேட்டாவை நம்பி ஏற்றுகிறவர்களுக்கு இது தெரியும்.

பருவம் வேறொரு விதத்திலும் கைகொடுக்கும். ஆவணியில் பனம்பழம், தை மாசியில் பனங்கிழங்கு, காலபோக அறுவடை முடிந்ததும் புது அரிசி, வைகாசி ஆனிப் பக்கம் காட்டில் பாலைப்பழம். இவற்றைப் புதிதாகக் காண வழியில்லாதவர்கள்தான் தேடித் தேடிப் பார்ப்பவர்கள். இதே வைகாசியில், மே மாதத்து நினைவு நாட்களில், போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்த கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறோம். அதைக் காணொளியாகப் பதிவு செய்வது தேவைதான், அடுத்த தலைமுறைக்குத் தெரியவேண்டும். ஆனால் அந்தக் காணொளிக்கு மட்டும் விளம்பர வருமானத்தை நிறுத்திவைக்க ஸ்ரூடியோவில் வழி இருக்கிறது. உப்பில்லாத அந்தக் கஞ்சியில் உழைக்கக்கூடாது என்பது என் திடமான எண்ணம்.

வந்த பணத்தை நிறுத்தும் விடயங்களும் உண்டு. பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் உரிமைக்காரர் கோரிக்கை வைத்து அந்தக் காணொளியின் வருமானத்தை எடுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டு வானொலிப் பாட்டுக்குக்கூட இது நடக்கும். கோழியை அறுப்பதை இரத்தத்தோடு காட்டினால் விளம்பரம் மட்டுப்படும். மான், மரை, உடும்பு இறைச்சிக் காணொளிகள் இன்னும் மோசம். இவை வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. "காட்டு இறைச்சிக் கறி" என்று தலைப்பு வைத்துப் போடுவது, தானே சாட்சியம் தயாரித்துப் பொலிஸாரிடம் கொடுப்பதற்குச் சமன். பார்வை கூடும் என்ற ஆசையில் யாரும் அதற்குள் போகவேண்டாம்.

சமையல் சனல் மெல்ல மெல்ல உதவிச் சனலாக மாறுவதைப் பற்றியும் கவலையோடு சொல்லவேண்டும். ஒரு வறிய வீட்டுக்குப் போய்ச் சமைத்துக் கொடுக்கிறார்கள். அடுத்த காணொளியில் அந்த வீட்டுப் பிள்ளையின் முகம், அழுகை, ஓட்டைக் கூரை. பிறகு உதவ விரும்புவோர் தொடர்புகொள்ளவும் என்று ஒரு இலக்கம். பார்வையும் பணமும் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை நாளை பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். வந்த உதவிக்குக் கணக்கு கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கணக்கு காட்ட முடியாமல் போனால் சனலின் பெயர் மட்டுமல்ல, ஊரின் பெயரும் கெடும். சமைக்கிறவர் சமையலோடு நிற்பதுதான் அவருக்கும் பார்ப்பவருக்கும் மரியாதை.

விளம்பரத்துக்கு அடுத்த வருமானம் தூள். காணொளியில் மல்லி, மிளகாய், சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று வறுத்து இடிப்பதைப் பார்த்தவர், "அம்மா, ஒரு கிலோ அனுப்ப ஏலுமோ?" என்று கேட்பார். கிலோவுக்கு ஒரு நியாய இலாபம் வைத்து மாதம் இருபது கிலோ விற்கிற வீடு, சிறிய சனலின் விளம்பரக் காசை விடக் கூடுதலாக உழைக்க முடியும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டி, பொதியில் பெயர், நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி எல்லாம் அடித்துச் செய்தால் பிறகு கடைகளுக்கும் கொடுக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவதில் கூரியர் கட்டணம்தான் பெரிய தடை. ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்துவிடுவதும், அந்த நாட்டில் ஒரு உறவினர் மொத்தமாக எடுத்துப் பிரிப்பதும் பலர் செய்யும் வழி.

கடைசியாகக் கடன். வன்னிப் பெண்களுக்கு நுண்கடனின் கொடுமையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசே பொறுப்பெடுக்கும் அளவுக்கு அந்த நிலை போனது. இன்று அதே வீடுகளுக்குள் தவணைப் போன், தவணைக் கமெரா, தவணை விளக்கு என்று வருகிறது. தவணை மாதாமாதம் கட்டவேண்டும், சில இடங்களில் கிழமைக்குக் கிழமை. யூரியூப்போ 1,000 சந்தாதாரர், 4,000 மணிநேரம், 10 டொலர் கடிதம், 100 டொலர் என்று நான்கு வாசல் தாண்டிய பிறகுதான் முதல் காசைத் தரும். ஓராண்டு ஆகலாம், கூடவும் ஆகலாம். அந்த இடைவெளிக்கு வீட்டில் வேறு உழைப்பு இல்லையென்றால் கமெரா வாங்கவேண்டாம். கையில் இருக்கிற போனும், சட்டையில் குத்துகிற ஒரு சின்ன மைக்கும் தொடக்கத்துக்குப் போதும். குசினி இருட்டென்றால் அடுப்பை வாசல் பக்கம் மாற்றி, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் விளக்குச் செலவும் இல்லை.